நாணயம் இல்லாத பிள்ளை

என் அக்கா மகனுக்கு இருபத்து மூன்று வயது. ஸ்கூடாய் தாமான் யுனிவர்சிட்டியில் வாடகை வீடு. இதுவரை யாரிடமும் பத்து வெள்ளி கடன் வாங்கியதில்லை. சாப்பாட்டுக் கடையில்கூடக் கணக்கு வைத்ததில்லை. மோட்டாருக்கு எண்ணெய் ஊற்றக் காசில்லாத நாளில் வேலைக்கு நடந்தே போயிருக்கிறான். இப்படிப்பட்டவனை எங்கள் பாட்டி 'நாணயமான பிள்ளை' என்பாள். பேங்கில் அவனுக்கு வேறு பெயர். 'ரெக்கார்டு இல்லாத பிள்ளை.'

போன வருடம் மோட்டாரின் இரண்டு டயரும் ஒன்றாகத் தேய்ந்தன. கையில் காசில்லை, சம்பளத்துக்குப் பத்து நாள் இருந்தது. அப்போதுதான் பேரங்காடி வாசலில் அந்த மேசை அவன் கண்ணில் பட்டது. பின்னால் சக்கரம் வைத்த பயணப் பெட்டிகளைக் கோபுரம்போல் அடுக்கியிருந்தார்கள். கார்டு எடுத்தால் பெட்டி இலவசம்.

"பாஸ், கார்டு இருக்கா பாஸ்?" என்றார் மேசைக்காரர்.

பிறந்ததிலிருந்து அவனை யாரும் இத்தனை முறை 'பாஸ்' என்று அழைத்ததில்லை. மைகாட் அடையாள அட்டையைக் கொடுத்தான். மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கைப்பேசியில் காட்டினான். மேசைக்காரர் ஒரே ஒரு எண்ணைப் பார்த்தார். 1,700.

"மாசம் ரெண்டாயிரம் வேணும் தம்பி."

பாஸ், தம்பி ஆவதற்கு நான்கு விநாடி ஆனது. பெட்டிகள் அடுத்த பாஸுக்காகக் காத்திருந்தன.

மேசைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரும் சம்பளக்காரர்தான். கோபம் இரண்டு தாள்கள் மேல். முதல் தாள், 2011 மார்ச்சில் மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா போட்ட விதி. கிரெடிட் கார்டு வேண்டுமென்றால் வயது 21, ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 வெள்ளி. அதற்கு முன் 18,000 போதுமாக இருந்தது. இரண்டாம் தாள், 2025 பிப்ரவரி 1 முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம். மாதம் 1,700 வெள்ளி. பன்னிரண்டால் பெருக்கினால் 20,400.

இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 20,400 வெள்ளியில் ஒரு மனிதன் வாடகை கட்டலாம், மோட்டார் ஓட்டலாம், பெற்றோருக்கு அனுப்பலாம், கல்யாணம்கூடச் செய்துகொள்ளலாம் என்கிறது ஒன்று. அந்த வருமானக்காரனை நம்பி இரண்டு டயரைக்கூடக் கடனில் கொடுக்காதே என்கிறது மற்றது. இரண்டும் ஒரே நாட்டின் தாள்கள். இரண்டில் ஒன்று பொய் சொல்லியே ஆக வேண்டும். கார்டுத் தாள் உண்மை பேசுகிறது என்றுதான் நான் நினைக்கிறேன். இந்தச் சம்பளத்தில் வாங்கின கடனை அடைக்க முடியாது என்று அதற்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்த அறிவில் கால்வாசி சம்பளத் தாளை எழுதியவர்களுக்கு இருந்திருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

'இளைஞர்களைக் கடனிலிருந்து காக்கத்தானே இந்த விதி' என்பார்கள். சரி, காக்கட்டும். பேங்கின் முன்வாசலில் 2011இல் பூட்டுப் போட்டீர்கள். கொல்லைப்பக்கம்? 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று கைப்பேசிக்குள்ளேயே கடை விரித்தவர்கள் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்குச் செருப்பு, சட்டை, சார்ஜர் வரை தவணையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கட்டுப்படுத்தும் பயனீட்டாளர் கடன் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2025இல். முன்வாசல் பூட்டுக்கும் கொல்லை வேலிக்கும் நடுவில் பதினான்கு வருடம். திருடனுக்கே இத்தனை அவகாசம் தேவைப்படாது.

அதற்கும் அப்பால் விளக்குக் கம்பங்கள் இருக்கின்றன. ஸ்கூடாயில் எந்தச் சிக்னலில் மோட்டாரை நிறுத்தினாலும் கம்பத்தில் உரிமமில்லா வட்டிக்காரனான ஆலோங்கின் ஸ்டிக்கர் கண்ணில் படும். அந்த ஸ்டிக்கர் சம்பளச் சீட்டு கேட்பதில்லை, சேமநிதி அறிக்கை கேட்பதில்லை. மைகாட் படமும் வீட்டு வாசல் படமும் போதும். கட்டத் தவறினால் சிவப்புச் சாயம் ஊற்ற வருகிறவனுக்கு வழி தெரிய வேண்டாமா? ஏழையை நம்புகிற ஒரே நிறுவனம் இந்த ஊரில் அதுதான்.

பேங்கின் முன்வாசலுக்குள் இன்னொரு வர்க்கம் நோகாமல் நுழைந்துவிடும். அப்பாவிடம் கார்டு இருந்தால் பதினெட்டு வயதிலேயே துணைக் கார்டு கிடைக்கும். செலவு மகனுக்கு, பில் அப்பாவுக்கு. கார்டு வாங்க மிக எளிய வழி எது என்று என்னைக் கேட்டால், நல்ல அப்பாவாகப் பார்த்துப் பிறப்பதுதான்.

அக்கா மகனுக்கு அந்தத் திறமை இல்லை. வேலையை மாற்றினான். சேனாய் பக்கம் ஒரு கிடங்கில் இரவு வேலை, அடிப்படைச் சம்பளம் 2,100. மூன்று மாதச் சீட்டு சேர்ந்ததும், இம்முறை ஒரு பேங்கின் கிளைக்கே போனான். வருமானம் சரி என்றார்கள். ஒரு வாரத்தில் பதில் வந்தது. மன்னிக்கவும், கடன் வரலாறு இல்லை.

பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் ஏட்டில் யார் எந்தக் கடனை எந்த மாதம் கட்டினார், எந்த மாதம் தவறினார் என்று பதிந்திருக்கும். இவன் பெயருக்கு நேரே வெறுமை. கடனே வாங்காதவன் ஒழுங்காகக் கட்டுவான் என்று எப்படி நம்புவது? கடன் வேண்டுமென்றால் முன்பே கடன் பட்டிருக்க வேண்டும். கல்யாணம் ஆகாமல் பைத்தியம் தீராது, பைத்தியம் தீராமல் கல்யாணம் ஆகாது என்பது பழமொழி. அது இப்போது வங்கிக் கொள்கை.

நமக்கு இது பழகிய கதைதான். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 1921 வரை 'துண்டு' என்று ஒரு சீட்டு புழங்கியது. கங்காணியும் அவன் ஆட்களும் தோட்டத்துக்குப் பட்ட கடன் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அடுத்த தோட்டத்துத் துரை அந்தக் கடனைக் கட்டினால் ஆட்கள் அவன் தோட்டத்துக்கு. இன்று இதையே 'பேலன்ஸ் டிரான்ஸ்பர்' என்று பளபளப்பான தாளில் அச்சடித்து அனுப்புகிறார்கள். அன்றும் கடன்தான் தமிழனுக்கு அடையாளச் சீட்டு. இன்று அதை பிளாஸ்டிக்கில் வார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அக்காவுக்கு இந்த 'வரலாறு இல்லை' என்ற பேச்சுத்தான் சுட்டது. அவள் இருபது வருடமாகத் தாமானில் கூட்டுக் கட்டுகிறாள். பன்னிரண்டு பெண்கள், மாதம் 250 வெள்ளி, ஒவ்வொரு மாதமும் ஒருத்திக்கு மொத்தப் பணம். இருபது வருடத்தில் ஒரு தவணை தவறியதில்லை. பிரசவ வலியோடு பணம் கொடுத்தனுப்பிய பெண்ணெல்லாம் அவளுடைய கூட்டு நோட்டில் இருக்கிறாள். இந்த வரலாற்றை எந்த ஏடும் பதியாது. கூட்டைத் தொழிலாக நடத்தக் கூடாது என்று 1971இலேயே ஒரு சட்டம் போட்டார்கள், 'கூட்டு' என்ற சொல்லைத் தலைப்பிலேயே ஏற்றி. நம் பெண்கள் நாணயத்தைப் பற்றி அரசாங்க ஏட்டில் இருப்பது அந்த ஒரு தலைப்புதான்.

மூன்றாம் முறை கிளை அதிகாரியே ஒரு வழி சொன்னார். நிரந்தர வைப்பில் 3,000 வெள்ளி போடுங்கள், அதைப் பிணையாக வைத்துக்கொண்டு கார்டு தருகிறோம். அந்த மாதம் கூட்டில் அக்கா முறை. மூவாயிரம் வெள்ளியும் பேங்குக்குப் போனது. கார்டு வந்தது.

கணக்கைப் பாருங்கள். அக்காவின் பணத்துக்கு பேங்க் தரும் வட்டி ஆண்டுக்கு மூன்று விழுக்காடுகூட இல்லை. அதே பணத்தின் பலத்தில் மகன் வாங்கும் கடனுக்கு பேங்க் கேட்கும் வட்டி 18 விழுக்காடு. வட்டிக்கடைக்காரர்கள் சட்டம் பிணையில்லாக் கடனுக்கு விதித்த உச்சமும் அதே 18தான். பிணை இருந்தால் வட்டிக்கடைக்காரர் 12க்கு மேல் வாங்கக் கூடாது. பிணையும் பிடித்துக்கொண்டு 18 கேட்பவருக்குக் குளிரூட்டிய அறை, கழுத்தில் டை. 12 கேட்பவரை நாம் 'வட்டிக்காரன்' என்கிறோம்.

பில்லின் அடியில் ஒரு சின்ன எண் இருக்கும்: குறைந்தபட்சத் தொகை, 5 விழுக்காடு அல்லது 50 வெள்ளி, எது அதிகமோ அது. அதுதான் தூண்டில் புழு. மூவாயிரத்தையும் செலவழித்துவிட்டு, புதிதாக ஒன்றும் வாங்காமல், மாதா மாதம் அந்தக் குறைந்தபட்சத்தை மட்டும் கட்டினால் என்ன ஆகும்? ஒழுங்காகக் கட்டுகிறானே என்று ஓராண்டுக்குப் பின் வட்டியை 15 விழுக்காடாகக் குறைத்துப் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடன் தீர நான்கு வருடத்துக்கு மேல் ஆகும். வட்டி மட்டும் சுமார் 900 வெள்ளி. டயர் அதற்குள் இரண்டு முறை தேய்ந்துவிடும்.

அதனால் அவனிடம் சொன்னேன். பில் வந்தால் முழுத் தொகையையும் கட்டு, கடைசி நாளுக்கு முன்பே கட்டு. மாதம் ஒரு முறை எண்ணெய்க்கு மட்டும் தேய், அதுவே உனக்கு வரலாறு. கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுக்காதே, அதற்குக் கட்டணமும் உண்டு, எடுத்த நாளிலிருந்தே வட்டியும் உண்டு. ஆண்டுக்கு 25 வெள்ளி அரசாங்க வரி வரும், அழுதுகொண்டே கட்டு. என்றைக்காவது கால் சறுக்கினால் கம்பத்து ஸ்டிக்கரைப் பார்க்காதே, கடன் ஆலோசனை தரும் ஏகேபிகே அலுவலகத்துக்குப் போ. அங்கே ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை.

அக்கா கூட்டு நோட்டை எடுத்து வந்தாள். பன்னிரண்டு பெயருக்குக் கீழே, பதின்மூன்றாவதாக, 'பேங்க்' என்று எழுதினாள்.

"மத்தவங்களுக்கெல்லாம் வருசத்துல ஒரு முறை" என்றாள். "இவங்களுக்கு மட்டும் மாசாமாசம்."