தொண்ணூற்றொன்றும் எண்பத்தெட்டும்

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் ஒரு தட்டு சுற்றி வரும். அதில் சின்னச் சின்ன வசன அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். ஜெபம் பண்ணிவிட்டு எடுக்கிற அட்டைதான் வருகிற வருஷத்துக்கு ஆண்டவர் நமக்குத் தந்த வாக்குத்தத்தம். சுகம், பெருக்கம், சமாதானம், சத்துருக்கள்மேல் ஜெயம், இவற்றில் ஏதாவது ஒன்று அதில் இருக்கும். யோபு தான் பிறந்த நாளைச் சபித்ததும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. அந்த வசனம் வந்த அட்டையை நான் பார்த்ததில்லை.

வீட்டில் நிலைப்படிக்கு மேலே 91-ஆம் சங்கீதம் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. பக்கத்தில் ஆயிரம் பேர் விழுந்தாலும் உன்னை ஒன்றும் அணுகாது என்று தைரியம் சொல்கிற சங்கீதம். பரீட்சை, பஸ் பயணம், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் அதுதான். ஆச்சி அதை மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே என் நெற்றியில் கை வைப்பாள். அந்தக் கையின் சூடு எனக்கு வசனத்தைவிட நன்றாக நினைவிருக்கிறது.

பயமும் கூடவே வளர்ந்தது. கன்வென்ஷன் பந்தல்களில் இரகசிய வருகையைப் பற்றிப் பிரசங்கிப்பார்கள். எக்காளம் தொனிக்கும், பரிசுத்தவான்கள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள். ஒருநாள் பள்ளிவிட்டு வந்தேன். கதவு திறந்து கிடந்தது, அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, வீட்டில் ஒருவரும் இல்லை. எல்லோரும் போய்விட்டார்கள், என்னைத்தான் விட்டுவிட்டார்கள் என்று முற்றத்தில் நின்று கத்தி அழுதேன். தென் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்த என் வயதுக்காரர்கள் பலர் இதே அழுகையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆச்சி முருங்கைக்கீரையை மடியில் கட்டிக்கொண்டு கொல்லையிலிருந்து ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டதும், "ஏட்டி, ஒன்ன விட்டுட்டு நான் மட்டும் எங்க போவேன்? நீ வராத மோட்சம் எனக்கு எதுக்கு?" என்றாள். பந்தலில் கேட்ட எந்தப் பிரசங்கத்தையும்விட ஆண்டவரின் மனசுக்குப் பக்கத்தில் இருந்த வார்த்தை அது என்று இன்று நம்புகிறேன். அன்று அது ஆறுதலாக மட்டுமே இருந்தது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கரையோர ஊர்களில் பூசைக்குப் போனவர்களும் வேளாங்கண்ணிக்கு வந்த யாத்ரிகர்களும் கடலோரம் நின்ற நேரத்தில் சுனாமி அலை வந்தது. அந்த வாரம் குளச்சல் பக்கம் அரிசியும் துணியும் கொண்டுபோனவர்களோடு நானும் போனேன். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எங்களோடு வந்த ஒருவர் குனிந்து, "ஆண்டவருக்கு ஒரு திட்டம் இருக்கும்மா" என்றார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஊருக்குத் திரும்பிய பின் ஒரு ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சாட்சி சொன்னார். அன்று காலை கன்னியாகுமரிக்குப் போகவேண்டியவர், பஸ்ஸைத் தவறவிட்டதால் பிழைத்தார். 91-ஆம் சங்கீதத்தை வாசித்தார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். அவர் நன்றி உண்மையானது; அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பஸ்ஸைப் பிடித்தவர்களும் ஜெபித்துவிட்டுத்தான் புறப்பட்டிருப்பார்கள். ஸ்தோத்திரம் என் தொண்டையை விட்டு வரவில்லை.

அதற்குப் பிறகு கோயிலுக்குப் போனேன், ஆனால் ஜெபிக்க முடியவில்லை. வேதத்தை விட்டுவிடவும் மனம் வரவில்லை. அட்டைக்கு வராத பக்கங்களை வாசிக்க ஆரம்பித்தேன். வனாந்தரத்தில் இயேசுவைச் சோதித்த பிசாசு எடுத்துக் காட்டியது இதே 91-ஆம் சங்கீதத்தை. தாழக் குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று. இயேசு குதிக்கவில்லை. பிதாவைப் பரீட்சை பார்க்க மறுத்த அவர், சிலுவையில் ஏன் கைவிட்டீர் என்று கேட்கிற 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரியைச் சொல்லிக் கதறினார். யோபின் சிநேகிதர்கள் ஏழு நாள் ராப்பகலாக அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல். அவர்கள் செய்ததில் உருப்படியானது அது ஒன்றுதான். வாயைத் திறந்த பிறகு எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் கடவுளுக்காக வக்காலத்து வாங்கினார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபப்படுவது அவர்கள்மேல். தன்னோடு வழக்காடிய யோபுதான் சரியாகப் பேசினான் என்கிறார்.

பிறகு 88-ஆம் சங்கீதம். மற்றப் புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலானவை எங்காவது ஒரு வரியில் வெளிச்சத்துக்குத் திரும்பிவிடும். இது திரும்புவதில்லை, இருளிலேயே நின்றுவிடுகிறது. ஆனாலும் முழுக்க முழுக்கக் கடவுளை நோக்கிய பேச்சு. இதைப் பாட்டுப் புத்தகத்தில் வைத்து, சபையில் பாடத் தந்தவர்களை நினைத்து இன்னமும் மலைக்கிறேன். அந்தக் குளச்சல் தாய்க்கு வேதத்தில் ஓர் இடம் முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. எனக்கு மறுபடி ஜெபம் வந்தது அந்த வழியாகத்தான்.

அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1950-ல் வெளியிட்ட நூலில், முதிர்ந்த சமய நம்பிக்கை முழு நிச்சயம் கிடைக்கும்வரை காத்திருக்காது, கேள்விகளோடே முழுமனதாக வாழும் என்று விளக்கினார். சமயத்தைப் பயன்படுத்துகிறவர்களையும் அதை வாழ்கிறவர்களையும் 1967-ல் ராஸ் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து பிரித்துக் காட்டினார். அந்தப் பிரிவு எனக்கு உதவியது. ஆனால் வாழ்க்கை அவ்வளவு சுத்தமாகப் பிரிவதில்லை. ஆச்சி கேட்பதெல்லாம் கேட்பாள்: மழை, மருமகளுக்குச் சுகப்பிரசவம், காணாமல்போன ஆடு. கிடைக்காதபோதும் விடியற்காலை முழங்காலில் நின்றாள்.

இப்போது துக்க வீடுகளுக்கு என்னை ஜெபிக்க அழைக்கிறார்கள். பெரும்பாலும் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். கேட்டால் 88-ஐ வாசிப்பேன். "இதுவும் பைபிள்லயாம்மா இருக்கு?" என்று கேட்ட ஒரு பெரியவர், மறுபடி வாசிக்கச் சொன்னார். 91-ஐயும் நான் விடவில்லை. பிள்ளைகளை வெளியூர் அனுப்பும்போது அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அதை இன்ஷூரன்ஸ் பத்திரமாக இப்போது எண்ணுவதில்லை. விழுகிற ஆயிரம் பேரையும் சேர்த்தே ஜெபிக்கிறேன்.

ஒருநாள் அண்ணன் மகள் நீட் ஹால்டிக்கெட்டை என் கையில் கொடுத்து ஜெபிக்கச் சொன்னாள். பயம் நீங்கவேண்டும், படித்தது நினைவுக்கு வரவேண்டும், முடிவு எப்படியானாலும் உம்முடைய அன்பிலிருந்து இவள் விலகக்கூடாது என்று ஜெபித்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே, "மார்க்கையும் கேளுங்க அத்தை" என்றாள். நெற்றியில் கை வைத்து அதையும் கேட்டேன்.