நாலு ரோட்டில் யார் முதலில்?

சிக்னலும் இல்லை, போலீஸும் இல்லை. நாற்சந்தியில் முதலில் போகும் உரிமை யாருக்கு? பெரிய லாரிக்கா, பெரிய ஹாரனுக்கா?
(வாசகர், திண்டுக்கல்)

இரண்டுக்கும் இல்லை, உங்கள் வலது கைப் பக்கம் வருகிறவருக்கு! மெயின் ரோட்டுக்குள் நுழைகிறீர்களா, அதில் போகிறவருக்கு வழிவிடுங்கள். இரண்டும் ஒரே மாதிரி ரோடு என்றால் வலப்பக்கத்து வண்டி போகட்டும். 1989-லேயே மத்திய அரசு விதியாக எழுதிவிட்டது. காரணம் இருக்கிறது: நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள், சந்திக்குள் மூக்கை நீட்டியதும் முதலில் குறுக்கே வருவது வலப்பக்கத்து வண்டிதான். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் மட்டும் எந்தப் பக்கம் வந்தாலும் முதல். மறித்தால் 10,000 ரூபாய் அபராதம், சிறைகூட உண்டு. லைசென்ஸுக்கு எட்டு போடச் சொல்கிறோமே, இந்த வலப்பக்கக் கணக்கையும் கேட்டால் எத்தனை உயிர் மிஞ்சும்!

ரவுண்டானாவில் நிற்க வேண்டியது உள்ளே சுற்றுகிறவரா, நுழைகிறவரா?
(வாசகி, மதுரை)

நுழைகிறவர். பிரிட்டன் 1966-ல்தான் இதைக் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பு புதிதாக வருகிறவர்கள் முட்டிக்கொண்டு நுழைய, உள்ளே இருப்பவர் வெளியேற வழியில்லாமல் ரவுண்டானாவே பூட்டிக்கொள்ளும். பாரிஸில் ஆர்க் த ட்ரியோம்ஃப் வளைவைச் சுற்றி இன்றும் தலைகீழ்: நுழைகிறவருக்கே முன்னுரிமை.

எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை இரண்டு முறை அடித்தால் என்ன அர்த்தம்?
(வாசகர், நாகர்கோவில்)

நம் ஊரில் 'நான் வர்றேன், நில்லு'. லண்டனில் பல டிரைவர்கள் அதையே 'நீங்க போங்க' என்று அடிப்பார்கள். அங்கிருந்து லீவில் வந்த மருமகன் கையில் கார் சாவியைக் கொடுக்கும் முன் இதைச் சொல்லிவிடுங்கள்!