ராஜா வந்துவிட்டார், மீன் வரவில்லை

ரோமாபுரியில் அகோஸ்தினோ கீஜி என்று ஒரு வட்டிக்கடைக்காரர் இருந்தார். தெருமுனை அடகுக்கடை என்று நினைத்துவிட வேண்டாம், போப்பாண்டவருக்கே கடன் கொடுக்கிற கடை. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டைபர் நதிக்கரையில் தன் மாளிகையில் போப் பத்தாம் லியோவுக்கு அவர் விருந்து வைத்தாராம். ஒவ்வொரு சுற்றுப் பதார்த்தம் முடிந்ததும் வேலைக்காரர்கள் எச்சில் வெள்ளித் தட்டுகளை எடுத்து, விருந்தாளிகள் பார்க்கப் பார்க்க ஆற்றில் வீசினார்கள். கார்டினல்களுக்கு மூச்சு நின்றுவிட்டது. ஒரு தடவை சாப்பிட்ட வெள்ளியை மறுபடி தொடாத மனிதனா என்று வாயைப் பிளந்தார்கள். எல்லோரும் ஏப்பம் விட்டுக் கிளம்பிய பிறகு, தண்ணீருக்கடியில் முன்கூட்டியே விரித்து வைத்திருந்த வலையை இழுத்துத் தட்டுகளை எண்ணி அலமாரியில் அடுக்கினார்கள் என்று கதை போகிறது. வட்டிக்கடைக்காரர் அல்லவா.

மேசை அலங்காரம், விருந்துபசாரம், நாசூக்கு என்று இன்றைக்கு நட்சத்திர ஓட்டல்களில் கோட்டுப் போட்டுக் கற்றுத்தருகிற கலையின் மொத்தச் சூட்சுமமும் அந்த வலைக்குள் அடக்கம். வந்தவன் சாப்பாட்டைப் பார்க்கக் கூடாது, சாப்பாடு போட்டவனைப் பார்க்க வேண்டும். ஐரோப்பா இதைக் கற்றுக்கொள்ள ஐந்நூறு அறுநூறு வருஷம் பாடுபட்டது. நடுவில் சில உயிர்களும் போயின.

முதலில் முள்கரண்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து வெனிஸுக்கு மருமகளாகப் போன ஒரு இளவரசி, உணவைக் கையால் தொடாமல் தங்க முள்ளால் குத்திச் சாப்பிட்டாள். பீட்டர் டேமியன் என்ற துறவிக்கு அது பொறுக்கவில்லை. அந்த ஆடம்பரத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனையாகத்தான் அவள் உடம்பு அழுகிச் செத்தாள் என்று எழுதி வைத்தார். பக்கத்து இலைக்காரன் எப்படிச் சாப்பிடுகிறான் என்று பார்த்துச் சாபம் கொடுக்கும் வழக்கம் மிகப் பழையது.

இங்கிலாந்துக்காரர்கள் அதற்குப் பிறகும் ஐந்நூறு வருஷம் கையால்தான் சாப்பிட்டார்கள். தாமஸ் கொரியாட் என்றொரு ஊர்சுற்றி இத்தாலிக்குப் போய், அங்கே எல்லோரும் முள்ளால் சாப்பிடுவதைப் பார்த்து அசந்து, 1611இல் வெளியிட்ட பயண நூலில் எழுதினார். ஊருக்குத் திரும்பித் தானும் முள்ளோடு உட்கார்ந்தார். நண்பர்கள் பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். மனிதர் அதோடு நிற்கவில்லை. பெரும்பாலும் நடந்தே இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். அஜ்மீரில் ஜஹாங்கீர் முன்னால் பாரசீக மொழியில் ஒரு சொற்பொழிவு ஆற்றி நூறு ரூபாய் வாங்கினார். இங்கிலாந்து அரசரின் தூதர் தாமஸ் ரோ, நம் நாட்டுக்காரன் பிச்சை எடுத்துவிட்டானே என்று தலையில் அடித்துக்கொண்டார். 1617இல் சூரத்தில், வயிற்றுப்போக்கோடு வந்து இறங்கியவருக்கு அங்கிருந்த ஆங்கிலேய வியாபாரிகள் அன்பு தாங்காமல் மதுவை ஊற்றி ஊற்றிக் கொடுத்தார்கள். அதிலேயே போய்ச் சேர்ந்தார். இங்கிலாந்துக்கு முள்கரண்டியை அறிமுகம் செய்தவரை முடித்து வைத்தது உபசரிப்பு.

இனி வெர்சாய். மேசை நாகரிகத்தின் காசி என்று சொல்லப்படும் ஊர். பதினான்காம் லூயி அங்கே ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிட உட்காருவார். ஊரே சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும். நாகரிகமாக உடுத்தி வந்த எவரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். சமையற்கட்டு வேறு கட்டடத்தில் இருந்தது. அங்கிருந்து தெருவைத் தாண்டி, படியேறி, நடைகளைக் கடந்து, காவலர் புடைசூழ உணவு ஊர்வலமாக வரும். வழியில் நிற்பவர்கள் தொப்பியைக் கழற்றி அதற்கு வணக்கம் வைக்க வேண்டும். நிற்பது பிரபுவாகவும் வருவது கோழியாகவும் இருந்தாலும் மரியாதை கோழிக்குத்தான். அரசரின் கைத்துண்டு வைத்திருக்கும் கப்பல் வடிவத் தங்கப் பாத்திரத்துக்கும் தனியாக ஒரு வணக்கம் உண்டு. பிறகு விஷம் இருக்கிறதா என்று சோதனை. இத்தனையும் முடிந்து வாய்க்கு வரும்போது சூப் ஆறி அவலாகியிருக்கும். பிரான்ஸின் சர்வ வல்லமை படைத்த மன்னர் வாழ்நாள் பூராவும் சூடாகச் சாப்பிட்டது அபூர்வம்.

அதற்காக அவர் குறைத்துக்கொண்டார் என்று எண்ண வேண்டாம். நாலு தட்டு சூப், ஒரு முழு ஃபெசன்ட் கோழி, ஒரு கவுதாரி, ஒரு பெரிய தட்டு சாலட், ஆட்டிறைச்சி, பன்றித் தொடைக்கறி, அதன்மேல் இனிப்பு, பழம் என்று அவர் ஒரே வேளையில் சாப்பிட்டதைத் தம்பி பெண்டாட்டி எலிசபெத் ஷார்லோட் கடிதத்தில் எழுதியிருக்கிறார். குடும்பத்தில் இப்படி ஒருவர் இல்லாவிட்டால் வரலாறு எங்கிருந்து கிடைக்கும்? இத்தனையையும் மன்னர் கையால்தான் சாப்பிட்டார். பேரன்களுக்கு வாத்தியார் முள்கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்திருந்தார். தன் பந்தியில் அந்த வேலையெல்லாம் கூடாது என்று தாத்தா தடுத்துவிட்டார். இதையும் எழுதியது அதே அம்மாள்தான். கத்தி விஷயத்தில் மட்டும் அவர் உஷார். 1669இல் கூர்முனைக் கத்திகளுக்குத் தடை போட்டார். இன்றைக்கும் சாப்பாட்டு மேசைக் கத்தியின் முனை மொண்ணையாக இருப்பதற்குப் பின்னால், கூடச் சாப்பிடுகிறவன் மேல் மன்னர்களுக்கு இருந்த அவநம்பிக்கை இருக்கிறது.

இப்படிப்பட்டவருக்கு விருந்து வைக்க ஒருவர் ஆசைப்பட்டார். நிதியமைச்சர் நிக்கோலா ஃபூக்கே. வோ-லெ-விகோந்த் என்ற இடத்தில் புது மாளிகை கட்டி, 1661 ஆகஸ்ட் 17ஆம் தேதி கிரகப்பிரவேசம் மாதிரி ராஜாவை அழைத்தார். மோலியேர் அதற்கென்றே புது நாடகம் எழுதி அரங்கேற்றினார். வாணவேடிக்கை, நீரூற்று, தோட்டம், தங்கத் தட்டு, எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. குறையே இல்லாததுதான் குறை. லூயிக்கு அப்போது இருபத்துமூன்று நிறையவில்லை. வெர்சாய் அப்போது வேட்டைக்குப் போய்த் தங்குகிற மாளிகை. தன் கணக்குப்பிள்ளை தன்னைவிடப் பெரிய வீட்டில் இருப்பதை எந்த முதலாளி தாங்குவான்? ஃபூக்கேயைக் கவிழ்க்க, அரசவையில் அவருக்குப் போட்டியாளரான கோல்பேர் ஏற்கெனவே குழி வெட்டிக்கொண்டிருந்தார். ஃபூக்கே அதன் விளிம்பில் நின்று விளக்கேற்றிக் காட்டினார்.

செப்டம்பர் 5ஆம் தேதி, அதாவது தன் பிறந்தநாளன்று, லூயி அவரைக் கைது செய்யச் சொன்னார். கைது செய்தவர் தார்த்தஞ்ஞான். ஆமாம், பின்னாளில் ‘மூன்று மஸ்கடியர்கள்’ நாவலில் வந்த அதே ஆள்தான். மூன்று வருஷ வழக்குக்குப் பின் நீதிமன்றம் நாடு கடத்தச் சொன்னது. அரசர்கள் வழக்கமாகத் தண்டனையைக் குறைப்பார்கள், இவர் கூட்டினார். ஆயுள் முழுவதும் சிறை. 1680இல் ஃபூக்கே சிறையிலேயே இறந்தார். அவருடைய கட்டடக்காரர், தோட்டக்காரர், ஓவியர் மூவரையும் அரசர் வெர்சாய்க்கு அழைத்துப் போனார். விருந்துக்குப் போய்விட்டுத் தாம்பூலத்தோடு வருவது உலக வழக்கம். இவர் வீட்டையே கிளப்பிக்கொண்டு வந்தார்.

ஃபூக்கேயிடம் விருந்து நிர்வாகியாக இருந்தவர் ஃப்ரான்சுவா வாத்தேல். முதலாளி உள்ளே போனதும் இவர் இங்கிலாந்துக்கு ஓடினார். ராஜாவின் கோபம் தணிந்த பிறகு திரும்பி வந்து ஷாந்தியில் கோந்தே இளவரசரிடம் வேலைக்குச் சேர்ந்தார். வாத்தேல் சமையல்காரர் அல்லர். எது வாங்குவது, எவ்வளவு வாங்குவது, யாரை எங்கே உட்கார வைப்பது, எப்போது பரிமாறுவது என்று எல்லாவற்றையும் ஒற்றைத் தலையில் சுமப்பவர். ஷாந்தி கிரீமைக் கண்டுபிடித்தவர் என்றும் அவரைச் சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. செத்தவருக்கு ஒரு இனிப்பாவது கொடுப்போம் என்று யாரோ நினைத்திருக்கலாம்.

கோந்தேக்கும் ராஜாவுக்கும் பழைய பாக்கி இருந்தது. லூயி சிறுவனாக இருந்தபோது கலகம் செய்து, எதிரி ஸ்பெயினின் படையை நடத்தியவர் இந்தக் கோந்தே. மன்னிப்பு கிடைத்துவிட்டது, ஆனால் முழு நம்பிக்கை கிடைக்கவில்லை. கடன் கழுத்து வரைக்கும். இந்த நிலையில் 1671 ஏப்ரல் 23, வியாழக்கிழமை சாயங்காலம், ராஜா பரிவாரத்தோடு விருந்தாட வந்தார். மேசைகள் இருபத்தைந்துக்குக் குறையாது. எதிர்பாராத ஆட்கள் வேறு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கடைசி மேசைகள் இரண்டில் வாட்டிய இறைச்சி பற்றாமல் போயிற்று. நம் ஊர்க் கல்யாணத்தில் மூன்றாம் பந்தியில் வடை தீர்ந்துபோவதைப் போன்ற சங்கதி. நாம் இரண்டு தலைமுறை அதைச் சொல்லிக் காட்டுவோம், அதற்குமேல் போகமாட்டோம். வாத்தேல் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு ராத்திரி அவர் தூங்கியிருக்கவில்லை. மானம் போயிற்று என்று புலம்பினார். இளவரசரே அவர் அறைக்கு வந்து, எல்லாம் பிரமாதம் என்று தேற்றிப் பார்த்தார். இரண்டு மேசைக்கு இறைச்சி போகவில்லை என்று இவர் திரும்பத் திரும்ப அதையே சொன்னார். போதாததற்கு, பதினாறாயிரம் ஃப்ராங்க் செலவில் ஏற்பாடு செய்த வாணவேடிக்கையை மேகம் மூடிக்கொண்டது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கத்தோலிக்கர்கள் இறைச்சி தொடமாட்டார்கள், மீன்தான். துறைமுகங்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பியிருந்தார் வாத்தேல். விடியற்காலை நாலு மணிக்கு மாளிகையே தூங்கிக்கொண்டிருக்க, இவர் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு சின்ன வியாபாரி இரண்டு சுமை மீனோடு வந்தான். இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவுதான் என்றான். அவன் கொண்டுவந்தது அவ்வளவுதான், அவன் பொய் சொல்லவில்லை. மற்ற துறைமுகங்களின் கதை அவனுக்கு எப்படித் தெரியும்? வாத்தேல் இன்னும் கொஞ்சம் காத்திருந்தார், யாரும் வரவில்லை. மாடிக்குப் போய் உயிரை விட்டார். அதற்குள் நாலா பக்கமிருந்தும் மீன் வந்து குவிந்தது. எதை எங்கே வைப்பது என்று கேட்க அவரைத் தேடிப் போனவர்கள்தான் கதவை உடைத்துப் பார்த்தார்கள்.

இதையெல்லாம் நமக்குச் சொல்பவர் மதாம் த செவின்யே. அவர் அந்த விருந்துக்குப் போகவில்லை, கேள்விப்பட்டதை மகளுக்குக் கடிதமாக எழுதினார். அதில் வாத்தேலின் சாவை விட எனக்குத் திகிலூட்டுவது அடுத்து வரும் பகுதி. இளவரசர் மனமுடைந்தார், அவர் மகன் அழுதார், ராஜா வருத்தம் தெரிவித்தார். நான் வந்தால் இப்படித் தொல்லையாகும் என்றுதான் ஐந்து வருஷமாக வராமல் இருந்தேன் என்றாராம். இரண்டு மேசை போட்டிருந்தால் போதாதா என்றும் அறிவுரை சொன்னாராம். பிறகு எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். உலாவினார்கள், சீட்டாடினார்கள், வேட்டைக்குப் போனார்கள். எங்கும் நார்சிசஸ் பூவின் வாசனை, எல்லாமே மயக்கும்படி இருந்தது என்று கடிதம் சொல்கிறது. வந்த மீன் வீணாகவில்லை.

லூயியின் தங்கமும் நிலைக்கவில்லை. சண்டைச் செலவுக்காக 1689இல் வெர்சாயின் வெள்ளி மேசை நாற்காலிகளை உருக்கினார். 1709இல் தங்கத் தட்டுகளும் நாணயச் சாலைக்குப் போயின. பிரபுக்களும் வேறு வழியில்லாமல் தங்கள் வெள்ளியைக் கொடுத்துவிட்டுப் பீங்கானுக்கு மாறினார்கள். கையில் காசில்லாததால் வாங்கிய பூப்போட்ட பீங்கான் தட்டு, கொஞ்ச நாளில் உயர்ந்த ரசனையின் அடையாளமாகிவிட்டது.

அதுவரை பதார்த்தங்களை எல்லாம் ஒரே நேரத்தில் மேசைமேல் பரப்பி வைப்பதே பிரெஞ்சு முறை. கைக்கு எட்டியது உங்களுக்கு, எட்டாதது எதிரில் இருப்பவருக்கு. ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து பரிமாறுவதை 1810 வாக்கில் பாரிஸுக்குக் கொண்டுவந்தவர் ரஷ்யத் தூதர் குராகின் என்கிறார்கள். உடம்பெங்கும் வைரம் பதித்துத் திரிந்த மனிதர். 1810இல் ஆஸ்திரியத் தூதர் வைத்த நடன விருந்தில் தீப்பிடித்தபோது, தங்க ஜரிகைக் கோட்டு அவரைக் காப்பாற்றியது. ஆடம்பரம் ஒரு உயிரைக் காத்ததாக நான் படித்த ஒரே சம்பவம் இது. அவர் முறையால் மேசையின் நடுவே இடம் காலியாயிற்று. அங்கே பூஜாடி வந்தது, பக்கத்தில் மெனு அட்டை வந்தது, தட்டுக்கு இரண்டு பக்கமும் இரும்புக்கடை போல முள்ளும் கத்தியும் வந்தன.

விக்டோரியா ராணி இதில் இன்னொரு திருப்பம் செய்தார். அவர் வேகமாகச் சாப்பிடுவார், அவர் முடித்ததும் எல்லோர் தட்டையும் எடுத்துவிடுவார்கள். கடைசியில் உட்கார்ந்தவர்களுக்கு வாசனைதான் மிச்சம். ஒருமுறை ஹார்ட்டிங்டன் பிரபு, தட்டோடு நகர்ந்த ஆளைக் கூப்பிட்டுக் கறியைத் திருப்பி வைக்கச் சொன்னாராம். இந்த வரலாறு முழுவதிலும் பசித்த மனிதனாக நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

1981இல் பாரிஸில் தொடங்கிய ஓட்டல் நிர்வாகப் பள்ளி ஒன்றுக்கு வாத்தேல் என்றே பெயர். இப்போது பல நாடுகளில் அதற்குக் கிளைகள் உண்டு. அங்கே படிக்கப் போகும் பிள்ளைகள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால் இதை மட்டும் சொல்லி அனுப்புங்கள்: மீன்காரர் இவ்வளவுதான் என்றால், உன்னுடையது மட்டும் இவ்வளவா, மொத்தமே இவ்வளவா என்று இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளவும்.