ஊசி போடாத டாக்டர்

கேள்வி: சுற்றுச்சூழல் பொதுச் சுகாதாரத்தில் பிஎச்.டி. செய்யப்போகிறேன் என்றால், "ஊசி போடுவியா?" என்று கேட்கிறார்களே, என்ன சொல்ல?
– வாசகி, திண்டிவனம்

பதில்: 'ஊசிக்கே வேலை இல்லாமல் செய்கிற டாக்டர்' என்று சொல்லுங்கள். 1854-ல் லண்டனில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் சாவுகளைத் தெருவாரியாகக் கணக்கெடுத்து, நோய் பரப்பிய தண்ணீர் வந்த பிராட் தெரு அடிபம்பின் கைப்பிடியைக் கழற்றவைத்தார்.

நம் நாகப்பட்டினம் பக்கமும் நடந்த 'ஹேப்பின்' ஆய்வில், நான்கு நாடுகளின் சுமார் 3,200 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு விறகடுப்புக்குப் பதில் கேஸ் அடுப்பு கொடுத்துப் பார்த்தார்கள். புகை நன்றாகவே குறைந்தது. பிறந்த குழந்தைகளின் எடைதான் குறிப்பிடும்படி கூடவில்லை. அதையும் மறைக்காமல் 2022-ல் அச்சேற்றினார்கள்.

நினைத்த விடை வராவிட்டாலும் எழுதும் துணிச்சல் இருந்தால் சேருங்கள். கல்யாணப் பத்திரிகையில் 'டாக்டர்' போட்டுக்கொள்ள மட்டும்தான் என்றால், புகை இல்லாத பாடமாகப் பாருங்கள்!