காப்பித் தோட்டத்தில் கேமரா

கேள்வி: கோடியக்கரையில் பளிச்சென்று விழுந்த பறவைப் படம், அதே கேமராவில் ஏற்காட்டில் மட்டும் கலங்கிப்போவது ஏன்?

பதில்: கேமரா அதேதான், வெளிச்சம்தான் வேறு. கோடியக்கரையில் பூநாரையும் உள்ளானும் நிற்பது மரம் மறைக்காத சேற்றுவெளியில். அங்கே ஆழமற்ற நீர் வெயிலைக் கீழிருந்து திருப்பி அனுப்புவதால், பறவையின் வயிற்றுப் பக்கம்கூட இருண்டுபோவதில்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலோ, சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் கொண்டுவந்த காப்பிக்கு நிழல் வேண்டும் என்பதால், சில்வர் ஓக் முதலான மரங்களின் அடியில் நடுப்பகலிலும் வெளிச்சம் மங்கலாகவே இருக்கிறது. ஷட்டர் வேகம், அதாவது கேமராவின் திரை திறந்திருக்கும் நேரம், கடற்கரையில் நொடியில் 2000-இல் ஒரு பங்காக இருந்தால், அடர்ந்த நிழலில் 125-இல் ஒரு பங்காக, ஏறத்தாழ 16 மடங்காக நீள நேரிடும். அதற்குள் சருகைப் புரட்டும் ஆறுமணிக்குருவி தலையைத் திருப்பினால் படம் கலங்கிவிடும். ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண்ணை 400-இலிருந்து 3200-க்கு ஏற்றினால் 1000-இல் ஒரு பங்கு வேகம் மீளும். படத்தில் புள்ளிகள் தோன்றும்தான், ஆனால் புள்ளிகளைப் பின்னர் குறைத்துக்கொள்ளலாம், கலங்கலை எளிதில் திருத்த முடியாது.

கேள்வி: ஆறுமணிக்குருவி புதரை விட்டு வர மறுத்தால், கைப்பேசியில் அதன் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. வடக்கே குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் தெற்கே வரும் இக்குருவி, கைப்பேசிக் குரலைத் தன் எல்லைக்குள் நுழைந்த போட்டியாளன் என்று நம்பி, இரை தேட வேண்டிய நேரத்தை இல்லாத எதிரியைத் தேடுவதில் கழிக்கிறது. ஒரு படத்துக்காகப் பறவையைப் பட்டினி போடுவது கொடுமை. தரையோடு தரையாக அமர்ந்து, சருகு புரளும் ஓசை வரும் திசையில் லென்ஸை நிறுத்திக் காத்திருப்பவருக்கு, கண்ணை ஊடறுக்கும் கறுப்புப் பட்டையும் பழுப்பு மஞ்சள் மார்பும் வாலடியின் சிவப்பும் இலையிடுக்கில் ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

கேள்வி: கூட்டை மறைக்கும் இரண்டே இரண்டு இலைகளை விலக்கினால் என்ன?

பதில்: 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவையின் முட்டைக்கோ கூட்டுக்கோ இடையூறு செய்வதும் அடங்கும். தாழ்ந்த புதரில் கூடு கட்டும் செம்மீசைச் சின்னானின் குஞ்சுகளை வெயிலிலிருந்தும் காக்கையின் கண்ணிலிருந்தும் காப்பவை அந்த இரண்டு இலைகளே.

கேள்வி: தோட்டப் பாதையில் காட்டெருமை நின்றால் எந்த லென்ஸ் ஏற்றது?

பதில்: அப்போது ஏற்றவை கால்கள். கேமராவில் கண் வைத்திருப்பவருக்கு அது நெருங்கி வரும் தொலைவு சரியாகப் புலப்படாது என்பதால், ஓடாமல், முதுகு காட்டாமல் பின்வாங்கி வண்டிக்குள் ஏறிய பிறகு, விலங்கு அமைதியாக மேய்ந்தால் மட்டும் படம் எடுக்கலாம்.