பத்துக்குப் பத்தில் ஒரு சியாட்டில்

சாலிகிராமம், வடபழனிப் பக்கம் மாடிப் போர்ஷன்களில் இந்த ரெக்கார்டிங் அண்ணனைப் பார்க்கலாம். கதவில் ‘ஸ்டூடியோ’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். உள்ளே போனால் பத்தடிக்குப் பத்தடி படுக்கையறை. கட்டிலை அப்புறப்படுத்திவிட்டார், மெத்தையை விடவில்லை. அது சுவரோரம் நின்றபடி கிதார் ஆம்ப்பின் உறுமலை வாங்கிக்கொண்டிருக்கும். வார நாட்களில் டப்பிங், ஜவுளிக்கடை விளம்பரம். ஆடி பிறந்தால் அம்மன் பாட்டு. ஞாயிற்றுக்கிழமை ராக் பேண்ட். அது வாடகைக்கு, இது மனசுக்கு.

பேண்ட் என்றால் இன்ஜினியரிங் கல்லூரிப் பையன்கள் நாலு பேர். கிரஞ்ச் ராக்கின் ஊரான அமெரிக்காவின் சியாட்டிலில் குளிருக்குப் போட்ட கட்டம்போட்ட ஃபிளானல் சட்டையை இவர்கள் சித்திரை வெயிலில் மாட்டிக்கொண்டு வருவார்கள். மைக்கில் சத்தம் விழும் என்று டேக் எடுக்கும்போது அண்ணன் ஏசியை நிறுத்திவிடுவார். இரண்டாவது பாட்டுக்குள் சட்டை கழன்றுவிடும். கிரஞ்சில் பாதி அங்கேயே போயிற்று.

“அண்ணா, சவுண்டு ராவா இருக்கணும். சும்மா அழுக்கா.”

“பண்ணிடலாம் தம்பி. மொதல்ல கிதாரை ட்யூன் பண்ணு.”

பிறகு பிரசங்கம். அந்த ஊர் கிரஞ்ச் பேண்ட் நிர்வாணாவின் முதல் ஆல்பம் ‘ப்ளீச்’, 1989. சியாட்டிலில் ரெசிப்ரோக்கல் என்ற சின்ன ஸ்டூடியோ, எட்டு ட்ராக் டேப், பதிவுசெய்தவர் ஜாக் எண்டினோ, பில் 606 டாலர் 17 சென்ட். பையன்கள் காதில் விழுவது காசுக் கணக்கு மட்டும்தான். அண்ணன் சொல்ல வந்தது வேறு: முப்பது மணி நேரத்தில் முடித்தார்கள், ஏனென்றால் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தார்கள். இந்தப் பகுதி எந்த பேண்டின் காதிலும் ஏறியதாகத் தெரியவில்லை.

அவருடைய இன்னொரு தெய்வம் ஸ்டீவ் அல்பினி. 1993இல் நிர்வாணாவின் ‘இன் யூட்டெரோ’வைப் பதிவுசெய்தவர், ராயல்டி வேண்டாம், பிளம்பருக்குக் கொடுப்பதுபோல வேலைக்குக் கூலி கொடுத்தால் போதும் என்றவர். நம்மூர் பிளம்பர் குழாயைத் தொடுவதற்கு முன்பே அட்வான்ஸ் வாங்கிவிடுவார். அண்ணனுக்கு அந்தச் சாமர்த்தியமும் கிடையாது.

சுவரில் முட்டை அட்டை ஒட்டியவர்களைக் கண்டால் இவருக்கு ஆகாது. “அது சத்தத்தை நிறுத்தாது, கரப்பானைத்தான் சேர்க்கும்” என்பார். இவருடையது மரச்சட்டத்தில் ராக்வூல் அடைத்துத் துணி போர்த்திய பலகை. மூலைகளில் மட்டும் இரட்டிப்புத் தடிமன். அப்படியும் அறை அடங்குவதில்லை. பேஸ் கிதாரின் ஏ தந்தி 55 ஹெர்ட்ஸ். பத்தடி இடைவெளியில் எதிரெதிராகச் சுவர் இருந்தால் அறை தானாக அதிர்கிற கணக்கும் ஏறக்குறைய அதேதான். மற்ற சுரங்களில் பம்மிக்கிடந்த பேஸ், அந்த ஒரு சுரத்தில் மட்டும் ஜன்னல் கம்பியை நடுங்க வைக்கும்.

“அண்ணா, என் டோன் பாத்தீங்களா?”

“அது நீ வாசிக்கலடா, ரூம் வாசிக்குது.”

கிதார்ப் பையன் கெயின் குமிழைக் கடைசிவரைக்கும் திருகிவிட்டுத்தான் தந்தியில் கை வைப்பான். நேரில் கேட்டால் புயல்; பதிவில் கொசு. அவன் பாத்ரூம் போகிற நேரம் பார்த்து அண்ணன் பாதியாகக் குறைத்துவிடுவார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஸ்பீக்கர் முன்னால் குந்தி உட்கார்ந்து, எஸ்எம்57 மைக்கை ஒற்றை விரலால் நகர்த்துவார். கூம்பின் நட்டநடுவில் வைத்தால் காதைக் கடிக்கும். விளிம்புப் பக்கம் ஒரு விரற்கடை தள்ளினால் கடி போய் கனம் வரும். இந்த ஒரு விரற்கடைக்கு அரை மணி நேரம். திரும்பி வந்த பையன் கேட்டுவிட்டு, “பாத்தீங்களாண்ணா, ஃபுல் கெயின் வெச்சாதான் இந்த சவுண்டு” என்பான். அண்ணன் வாயைத் திறக்கமாட்டார்.

என் கணக்கில் இந்தத் தொழிலில் மைக் கால் பங்கு, பஞ்சாயத்து முக்கால் பங்கு. மிக்ஸிங்கில் நாலு பேரும் அவரவர் சத்தத்தை மட்டும் ஏற்றச் சொல்வார்கள். அதற்கென்றே எதோடும் இணைக்காத ஃபேடர் ஒன்று வைத்திருக்கிறார். எல்லோர் கண்முன்னாலும் அதை மெல்ல ஏற்றுவார். “இப்ப செட்டாயிடுச்சுண்ணா!” என்பான் டிரம்ஸ் பையன்.

பாடுகிறவன்தான் கடினம். ஒரே பாட்டை இரண்டு முறை பாடி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கச் சொன்னால், “அது ஏமாத்து வேலைண்ணா” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

“நிர்வாணால பாடின கர்ட் கோபேனும் 1991ல ‘நெவர்மைண்ட்’ எடுக்கும்போது மாட்டேன்னாரு. ஜான் லெனனே பண்ணியிருக்காருன்னு ப்ரொட்யூசர் புச் விக் சொன்னதும் போய்ப் பாடிட்டாரு.”

பையன் மறுபேச்சில்லாமல் மைக் முன்னால் போய் நின்றான். இந்த உலகத்தில் தனக்கு யாருமே இல்லை என்று அலறுகிற பாட்டு. அண்ணன் பதிவை ஓடவிட்டார். வாயைத் திறக்கிற நேரம் பார்த்துப் பையனின் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது.

“சாப்ட்டேம்மா… ஆமாம்மா, குரூப் ஸ்டடி… சாம்பார் சாதம்.”

அன்றைக்கு எடுத்ததிலேயே வார்த்தை ஒவ்வொன்றும் துல்லியமாக விழுந்த டேக் அதுதான் என்கிறார் அண்ணன்.