நாலடி தள்ளி நில்லுங்கள்

அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் பேசும்போது இருவருக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று 1966-லேயே அளந்து சொல்லிவிட்டார்: நெருங்கியவருக்கு ஒன்றரை அடி, தெரிந்தவருக்கு 4 அடி, அலுவல் பேச்சுக்கு 4 முதல் 12 அடி. அவர் அளந்தது அமெரிக்கர்களை. அதனாலென்ன, அடி எல்லாருக்கும் 12 அங்குலம்தானே!

ஆகவே பழைய மகாபலிபுரம் சாலையின் பன்னாட்டு அலுவலகங்கள் ஆளுக்கொரு இஞ்ச் டேப் வழங்க வேண்டும். ஜெர்மன்காரர் பின்வாங்க, பிரேசில்காரர் முன்னேற, நம்ம ஊர் டீம் லீடர் இருவர் தோளிலும் கைபோட்டு "சாப்டீங்களா?" என்று கலவரமூட்டுவது இனி நடக்காது. 12 அடியில் நின்று கத்திக் கேட்கலாம். சம்பளம் எவ்வளவு என்பதையும்தான். லிஃப்டில் ஒருவர் போதும். மற்றவர்கள் படியேறட்டும், இதயத்துக்கும் நல்லது.

இடைவெளிப் பயிற்சி வகுப்பு நாளை, 20 நாற்காலி அறையில் 60 பேருக்கு. முன்னதாகவே வந்து துண்டு போட்டுவிடுங்கள்.